மணிபர்ஸ் போகலாம், பெயர் போகலாமா?

தஞ்சாவூரிலிருந்து கறம்பக்குடிக்கு வரும் பஸ்ஸில், நடவு வேலைக்குப் போய்த் திரும்பிய ஒரு விவசாயத் தொழிலாளியின் மணிபர்ஸை ஜேப்படித் திருடன் அடித்துவிட்டான். அதில் இருந்த ரொக்கம் இருநூற்றுச் சொச்சம் ரூபாய். "போனது போகட்டும், ஒரு நாள் கூலிகூட இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் நாம் அவரைக் கேட்டோம்: "பர்ஸில் வேறென்ன இருந்தது?"

ஆதார் அட்டை இருந்தது. பான் கார்டு இருந்தது. பாங்கின் ஏ.டி.எம். கார்டு இருந்தது. மறந்துவிடுமே என்று அதன் ரகசிய எண்ணை ஒரு சீட்டில் எழுதி, கார்டோடு சேர்த்து மடித்து வைத்திருந்தார். பாங்குக்கு ஓடினோம். கணக்கில் இருந்த ஒன்பதாயிரமும் இரவோடு இரவாகப் போயிருந்தது.

ஏழையிடம் திருட என்ன இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. பணம் இல்லாவிட்டாலும் நம்மிடம் பெயர் இருக்கிறது. நம் பெயரில் சிம் கார்டு வாங்கலாம், கடன் வாங்கலாம், கம்பெனியே நடத்தலாம். இந்தக் காலத் திருடன் குறி வைப்பது அந்தப் பெயரைத்தான்.

கம்பெனியா என்று சிரிக்க வேண்டாம். 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை ஜி.எஸ்.டி. இலாகா நாடெங்கும் ஒரு சோதனை நடத்தியது. பதிவேட்டில் மட்டும் இருந்து, நேரில் இல்லாத கம்பெனிகள் 21,791 என்று கண்டது. ஏய்த்ததாகச் சந்தேகிக்கப்பட்ட வரி 24,010 கோடி ரூபாய்! போலிக் கம்பெனிக்குப் பெயர் தேடுகிறவன் கோடீஸ்வரன் வீட்டு வாசலுக்கா போவான்? "கடன் வாங்கித் தருகிறேன், வேலை வாங்கித் தருகிறேன்" என்று கூலிக்காரரிடம்தான் ஆதாரையும் பானையும் வாங்குவான். கொள்ளை அவனுக்கு, நோட்டீஸ் நமக்கு.

நம் பாட்டன்மார் காலத்தில் வட்டிக்காரனும் பண்ணையாரும் வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினார்கள். இன்று அதே கட்டைவிரலை மிஷினில் வைக்கச் சொல்கிறார்கள். ஆதார் எண், பாங்கின் பெயர், கைரேகை, இந்த மூன்றும் இருந்தால் ரகசிய எண் இல்லாமலே பணம் எடுக்கலாம். நூறு நாள் வேலைக் கூலிக்கும் 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழிப் பட்டுவாடா கட்டாயமாக்கப்பட்டது. ஜார்க்கண்டில் சிறுபான்மை மாணவர்களின் உபகாரச் சம்பளத்தில் நடந்த மோசடி 2020-ல் அம்பலமாயிற்று. ஏழைக் குடும்பங்களின் ஆதாரையும் கைரேகையையும் வாங்கிக்கொண்ட தரகர்கள் பிள்ளைகளின் பணத்தை விழுங்கியிருந்தார்கள். ஆகவே, "ரேகை விழவில்லை, மறுபடி வையுங்கள்" என்று மிஷின்காரர் சொன்னால், முதலில் வைத்ததற்கு ரசீது கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

நகல் விஷயத்திலும் ஜாக்கிரதை வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் வட்டாரத்தைச் சூறையாடிற்று. அதன் பிறகு, நிவாரணம் என்று யார் கேட்டாலும் ஆதார் நகலையும் பாஸ்புத்தக நகலையும் எடுத்து நீட்டினோம். அந்த நகல்கள் இன்று யார் கையில்? இனி, நகல் கொடுத்தால் அதன் மேலேயே "இன்ன காரியத்துக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ஆதாரில் முதல் எட்டு இலக்கம் மறைத்த நகலும் உண்டு. அது போதும் என்கிற இடத்தில் அதையே கொடுங்கள். சர்க்காரின் புத்தி எப்படி என்றால், 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் "கண்டவர்களுக்கு நகல் கொடுக்காதீர்" என்று எச்சரித்தது. 29-ந் தேதி அந்த எச்சரிக்கையே வாபஸ்!

சரி, பர்ஸ் போய்விட்டது. என்ன செய்வது?

முதல் வேலை, அந்த நிமிஷமே பாங்குக்குப் போன் செய்து கார்டை நிறுத்துவது. போன் நம்பர் கார்டின் பின்புறம் இருக்கிறது; கார்டோடு அதுவும் போய்விடும். ஆகவே இன்றே அதை வீட்டில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். செல்போனும் போயிருந்தால் சிம்மை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் 1930-க்குப் பேசுங்கள். இது வருஷமல்ல தோழர்களே, மோசடிப் புகாருக்கான போன் நம்பர்! ஆதார் காரியத்துக்கு 1947. கைரேகையைப் பூட்டி வைக்கவும் வழி உண்டு. ஆனால் ரேஷன் கடையில் ரேகை வைக்குமுன் திறந்துவிட வேண்டும்.

இரண்டாவது, போலீஸ் ஸ்டேஷன். "இருநூறு ரூபாய்க்கா புகார்?" என்று ஏளனம் செய்வார்கள். போன அட்டைகள் ஒவ்வொன்றையும் எழுதி மனு கொடுத்து, தேதியிட்ட ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். நாளைக்கு நம் பெயரில் எவனோ மோசடி செய்தால், நம்மைக் காப்பது அந்த ரசீதுதான். பிறர் அடையாளத்தை இப்படிக் களவாடிப் பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறைக்குரிய குற்றம்.

மூன்றாவது, நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்ப்பது. மத்திய சர்க்காரின் சஞ்சார் சாத்தி தளத்தில் படித்த பிள்ளைகள் பார்த்துச் சொல்வார்கள். நாம் வாங்காதது இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

"எல்லாம் உன் அஜாக்கிரதை" என்று பாங்கு கை விரிக்குமே? ரிசர்வ் பாங்கு 2017 ஜூலை 6 அன்று போட்ட உத்தரவு வேறு சொல்கிறது. பாங்கும் தவறவில்லை, நாமும் தவறவில்லை, வெளியார் செய்த மோசடி என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டமே இல்லை. தவறு நம்முடையது என்றால்கூட, பாங்குக்குச் சொல்லும் வரை போனதுதான் நம் தலையில். சொன்ன பிறகு போனது பாங்கின் பொறுப்பு. பொறுப்பு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் பாங்கே!

நம் தோழர் சீட்டு வைத்திருந்தது தவறுதான். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு போன் செய்திருந்தால் ஒன்பதாயிரமும் நின்றிருக்கும். "இருநூறுதானே" என்று படுத்ததுதான் பெரிய நஷ்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "உன் பாங்குக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, ஐயாயிரம் தருகிறேன்" என்று வேலையில்லாத வாலிபர்களைத் தேடி வருகிறார்கள். கொள்ளைப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும்; போலீஸ் வருவது கணக்குக்காரன் வீட்டுக்கு. பெயரைத் திருட்டுக் கொடுத்தவனுக்கு ரசீதாவது இருக்கும். விற்றவனுக்கு எது துணை?

ஜாக்கிரதை நம் கடமை. ஆனால் ஜாக்கிரதை மட்டும் போதுமா? நம் கட்டைவிரலைக் கேட்டு வாங்கியது சர்க்கார். நம் கூலியைத் தன்னிடம் வரவழைத்துக்கொண்டது பாங்கு. காவல் காக்கும் பொறுப்பும் அவர்களுடையதே. போலீஸ் மனுவை வாங்க மறுத்தாலும், பாங்கு கை விரித்தாலும் ஒற்றை ஆளாகத் திரும்பாதீர்கள். சங்கத்துக்கு வாருங்கள், பத்துப் பேராகப் போவோம். முப்பது நாளில் பாங்கு பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுவோம்; காசு செலவில்லை.

இன்றிரவே பர்ஸைத் திறந்து பாருங்கள். ரகசிய எண் எழுதிய சீட்டு இருந்தால் அடுப்பில் போடுங்கள். அன்றன்றைக்கு வேண்டாத அட்டைகளை வீட்டுப் பெட்டியில் வையுங்கள். உழைத்துச் சேர்த்த காசு போனால் மறுபடி உழைத்துச் சேர்க்கலாம். உழைத்துச் சம்பாதித்த பெயரை எவனுக்கும் விட்டுக் கொடுக்க வேண்டாம்!