மாட்டுக் காலேஜும் டூமர்ஸ் மரமும்

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் அலபாமா, ஆபர்ன் என்று இரண்டு பல்கலைக்கழகங்கள். இவங்க ஃபுட்பால் டீம் ரெண்டும் வருசா வருசம் மோதுற ஆட்டத்துக்குப் பேரு ‘ஐயன் பவுல்’. முதல் ஆட்டம் 1893-ல். 1907-க்கு அப்புறம் முறைச்சுக்கிட்டு 1948 வரைக்கும் ஆடவே இல்லை. பங்காளிச் சண்டையேதான்.

ஆபர்ன் ஒரு காலத்தில் விவசாயக் கல்லூரி. அதனால அலபாமா ரசிகர்கள் அதை ‘மாட்டுக் காலேஜ்’னு கேலி பண்ணுவாங்க. மாடு வெச்சுப் பிழைக்கிற எனக்கு இது திட்டாவே படலை! ஆபர்ன்காரங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. 1972-ல் அலபாமா உதைத்த பந்தை ரெண்டு தடவை மறிச்சு எடுத்துட்டு ஓடி, 17-16-ல் ஜெயிச்சாங்க. அதை இன்னைக்கும் சொல்லிக் காட்டுறாங்க.

இந்த வாய்ச்சண்டையே கூடாதுன்னு சிலர் சொல்றாங்க. நான் அந்தக் கட்சி இல்லை. ஒரே தெருவில், ஒரே வீட்டிலேயே ரெண்டு டீம் ரசிகரும் இருக்கிற மாநிலம் அது. கேலி பண்ணினால் அடுத்த வருசம் திருப்பி வாங்கணும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அந்தக் கணக்கு இருக்கிற வரைக்கும் அது விளையாட்டோட சேர்ந்ததுதான்.

2010 ஆட்டத்தில் அலபாமா 24-0 என்று முன்னால் இருந்தது. கடைசியில் ஆபர்ன் 28-27-ல் ஜெயிச்சுட்டாங்க. ஆபர்ன் ஊரில் டூமர்ஸ் முக்குன்னு ஒரு இடம். அங்க இருந்த ரெண்டு பழைய ஓக் மரத்து மேல, ஜெயிச்ச அன்னைக்கு டாய்லெட் பேப்பரை வீசிக் கொண்டாடுவாங்க. இந்தத் தோல்விக்கு அப்புறம் ஹார்வி அப்டைக் என்ற அலபாமா ரசிகர், வயசான மனுசன், அந்த மரங்களுக்கு விஷம் வெச்சார்.

அவர் ஊத்தினது டெபுதியூரான். நாம தெளிக்கிற கிளைபோசேட் இலை வழியா இறங்கும், மண்ணில் பட்டால் ஒட்டிக்கிட்டு வேகம் குறைஞ்சிடும். இது வேற ரகம். மண்ணில் கிடந்து வேர் வழியா ஏறி, இலை சோறு ஆக்குறதையே நிறுத்திடும். இலை கொட்டும், மரம் மறுபடி துளிர்க்கும், அதுவும் கொட்டும். சேர்த்து வெச்சதெல்லாம் தீர்ற வரைக்கும் அப்படியே சாகும். வரப்புத் தகராறில் பக்கத்துக்காரன் தென்னைக்கு மருந்து வைக்கிற புத்திக்கும் இதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியலை.

இதில் ஒண்ணைக் கவனிங்க. யாரும் அவரைத் தேடிப் பிடிக்கலை. 2011 ஜனவரியில் ஒரு ரேடியோ நிகழ்ச்சிக்கு, வேற பேரில், அவரே போன் போட்டுச் சொன்னார். சொல்லிக் காட்டாமல் இருக்க முடியலை. அப்படின்னா இதுவும் கேலியோட கடைசிப் படிதானேன்னு கேட்பீங்க. நான் ஒத்துக்க மாட்டேன். கேலின்னா எதிராளி திருப்பிச் சொல்ல இடம் விடணும். மரம் என்னத்தைச் சொல்லும்? அதுக்கு எந்த டீம்?

அலபாமா ரசிகர்களே வெட்கப்பட்டு, மரத்தைக் காப்பாத்தப் பணம் திரட்டிக் கொடுத்தாங்க. பல்கலைக்கழகம் சுத்தி இருந்த மண்ணை வாரி எடுத்து, விஷத்தை உறிஞ்ச கரித்தூள் போட்டுப் பார்த்தது. பிழைக்கலை. 2013 ஏப்ரலில் ரெண்டையும் வெட்டினாங்க. அப்டைக்குக்கு ஆறு மாசம் ஜெயில், ஏறக்குறைய 8 லட்சம் டாலர் நஷ்ட ஈடு. மாட்டுக் காலேஜ்னு கேலி பண்ணின கூட்டத்து ஆள் மேல கடைசியில் நின்ற குற்றம் என்ன தெரியுமா? கால்நடை அல்லது பயிர் நிலையத்தைச் சேதப்படுத்தியது!

2015-ல் அங்க புது ஓக் மரங்கள் நட்டாங்க. வேர் பிடிக்கிற வரைக்கும் அதுங்க மேல பேப்பர் வீசாதீங்கன்னு ஆபர்ன் தன் ரசிகர்களையே கெஞ்ச வேண்டி வந்தது.