முழங்காலுக்கும் அறிவு உண்டு

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

கண்களை மூடிக்கொண்டு ஒரு காலைச் சற்றே மடக்குங்கள். எவ்வளவு மடங்கியது என்பதைப் பாராமலே உங்களால் சொல்ல முடியும். கண் காணவில்லை, காது கேட்கவில்லை, கை தொடவும் இல்லை. ஆயினும் உடல் தன் நிலையைத் தானே அறிகிறது. இந்த அறிவுக்கு 1906இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 'புரொப்ரியோசெப்ஷன்' என்று பெயர் சூட்டினார். தமிழில் தன்னிலை உணர்வு எனலாம். ஐம்புலன்களைக் கணக்கிட்ட நம் முன்னோர், தொடு உணர்வுக்குரிய புலனைத் 'தோல்' என்று குறுக்கிவிடாமல் 'மெய்' என்று வைத்தனர். அந்த ஒரு சொல்லுக்குள் தன்னிலை உணர்வுக்கும் இடம் இருக்கிறது என்று நான் எண்ணி மகிழ்வதுண்டு.

இந்த உணர்வு பிறக்கும் இடங்களில் ஒன்று முழங்காலின் முன் குறுக்கு ஜவ்வு. விளையாட்டு வீரர்கள் இதனை 'ஏ.சி.எல்.' என்பார்கள். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் நார் இது. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், மூட்டு அளவு மீறித் திருகாமலும் காக்கிறது. கபடியிலோ கால்பந்திலோ, கால் தரையில் ஊன்றியிருக்க உடல் மட்டும் சட்டென்று திரும்பும்போது இது அறுந்துவிடுகிறது. முற்றிலும் அறுந்த ஜவ்வு பெரும்பாலும் தானாகப் பழைய நிலைக்கு வருவதில்லை. ஆகவே அறுவை மருத்துவர்கள் நோயாளியின் தொடைப் பின்புறத்துத் தசைநாணையோ, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணின் ஒரு பகுதியையோ எடுத்து, எலும்பில் துளையிட்டு, அறுந்ததன் இடத்தில் பொருத்துகிறார்கள்.

தையல் பிரித்து, வீக்கம் வடிந்து, ஆள் ஊன்றுகோல் இல்லாமல் நடந்துவிட்டால் 'சரியாகிவிட்டது' என்று வீட்டாரும் நண்பர்களும் முடிவு கட்டிவிடுகிறோம். இந்த முடிவு தவறானது என்பதும், இதற்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற வீடுகளின் பிள்ளைகளே என்பதும் என் கருத்து. அதற்கான காரணங்களைக் கூறுகிறேன்.

நாருக்குள் நரம்பு

ஜவ்வை எலும்புகளைக் கட்டும் கயிறு என்றே நெடுங்காலம் கருதி வந்தனர். 1980களில் மனித முழங்காலின் குறுக்கு ஜவ்வுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்கள் அதற்குள் உணர்வேற்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். தோலைப் பற்றிய பாடத்தில் நாம் படம் வரையும் ரஃபினி, பாசினி உறுப்புகளை ஒத்தவை அங்கும் உள்ளன. வலியை அறியும் நரம்பு முனைகளும் உள்ளன. 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, முன் குறுக்கு ஜவ்வின் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் 1 பங்கு நரம்புப் பொருளாகும்.

ஒரு பங்குதானே என்று எளிதாக எண்ணிவிடக் கூடாது. ஜவ்வு இழுபடும்போது இந்த உணர்வேற்பிகள் தண்டுவடத்திற்கும் மூளைக்கும் செய்தி அனுப்புகின்றன. எந்தத் தசை எவ்வளவு இறுக வேண்டும் என்பதைத் தீர்மானிக்க அச்செய்தி உதவுகிறது. வரப்பில் கால் வழுக்கும்போது நாம் யோசித்துவிட்டா சமாளிக்கிறோம்? யோசனை வருமுன்னே தசை வேலை செய்துவிடுகிறது. ஜவ்வு அறும்போது கட்டு மட்டும் அறுவதில்லை; அந்தச் செய்திக் கம்பியும் அறுகிறது.

புதிதாகப் பொருத்தும் தசைநாணுக்கோ குருதியோட்டமும் இல்லை, நரம்பும் இல்லை. முதற்சில வாரங்களில் அதன் உயிரணுக்களில் பல மடிகின்றன. பிறகு சுற்றிலுமிருந்து நுண்ணிய குருதிக் குழாய்கள் உள்ளே வளர்கின்றன. புதிய உயிரணுக்கள் குடியேறுகின்றன. இந்த மாறுதல் முடிய மாதக் கணக்கில் ஆகும். இடையில் அந்த நாண் பொருத்திய நாளில் இருந்ததைவிடவும் வலிமை குன்றியிருக்கும். வலி நின்று, 'இனி ஓடலாம்' என்று ஆசை பிறக்கும் காலமும் ஏறத்தாழ இதுவே. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

சரி, உணர்வு திரும்புகிறதா? 1999இல் ஜப்பானைச் சேர்ந்த மருத்துவர் மித்சுவோ ஓச்சியும் அவர் குழுவினரும் தங்கள் ஆய்வை வெளியிட்டனர். மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் ஜவ்வை மெல்லிய மின்சாரத்தால் தூண்டி, அந்தச் செய்தி மூளையை எட்டுகிறதா என்று பதிவு செய்தார்கள். அறுந்த ஜவ்வுகளில் ஏறத்தாழ பாதியில்தான் செய்தி பதிவாயிற்று. புதிதாகப் பொருத்தி நாளாகிய ஜவ்வுகளிலோ எல்லாவற்றிலும் பதிவாயிற்று! மேலும், உறுதியாக நின்ற முழங்கால்களில் செய்தி வலுவாகவும், தளர்ந்து ஆடிய முழங்கால்களில் வலுக்குறைந்தும் இருந்தது. நரம்பு, புதிய நாணுக்குள் மெல்ல வழி தேடிச் செல்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

எல்லா ஆய்வுகளும் இதே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னாளில் பொருத்திய நாணின் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வாளர்கள், உணர்வேற்பிகள் இயற்கை ஜவ்வில் உள்ள அளவுக்கு அங்கே இல்லை என்று கண்டனர். இரண்டில் எது முழு உண்மையாயினும் நாம் கற்கும் பாடம் ஒன்றே. உணர்வு திரும்புமானால் அதற்குக் காலம் வேண்டும். முழுதும் திரும்பாதானால், தசையிலும் மூட்டுறையிலும் தோலிலும் உள்ள மற்ற உணர்வேற்பிகள் அக்குறையை ஈடுகட்டப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்திற்குப் பயிற்சி வேண்டும். ஒற்றைக் காலில் நிற்பது, கண்ணை மூடி நிற்பது, ஆடும் பலகைமேல் சமநிலை காப்பது ஆகியவை பார்ப்பதற்கு விளையாட்டுப் போலத் தோன்றினாலும் நரம்புக்குப் பாடம் நடத்தும் பயிற்சிகள்.

நார்வேயையும் அமெரிக்காவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட முடிவு நம் விளையாட்டுத் திடல்தோறும் எழுதி வைக்கத் தக்கது. அறுவைக்குப் பின் 9 மாதம் வரையில், களத்திற்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்திற்கும் மீண்டும் காயமுறும் வீதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

எங்கள் வீட்டில் நடந்தது

இதையெல்லாம் நான் தேர்வுக்காகப் படிக்கவில்லை. என் அண்ணன் கொத்தனார். எங்கள் ஊர்க் கபடிக் குழுவில் பாடிச் செல்வதில் பெயர் பெற்றவர். பொங்கல் போட்டி ஒன்றில் அவருடைய ஜவ்வு அறுந்தது. அறுவையும் நன்றாகவே நடந்தது. மருத்துவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதால், மருத்துவமனையில் கொடுத்த சீட்டை வாசித்துச் சொல்வது என் பொறுப்பாயிற்று. முழுதும் ஆங்கிலம். மருந்துகளுக்கு ஆறு வரி. பயிற்சிக்கு ஒரே ஒரு வரி. என்ன பயிற்சி, எத்தனை மாதம், எப்போது விளையாடலாம் என்ற விவரம் ஏதும் அதில் இல்லை.

இயன்முறை சிகிச்சைக்கு வாரம் மூன்று நாள் வரச் சொன்னார்கள். இரண்டு பஸ் மாறிப் போய்வந்தால் ஒரு பகல் போய்விடும். துணைக்குப் போகும் அம்மாவின் கூலியும் போய்விடும். மூன்றாம் வாரத்தோடு அது நின்றது. ஐந்தாம் மாதம் குழுவினர் வீட்டுக்கே வந்தார்கள். "நல்லாத்தானேப்பா நடக்குற, அப்புறம் என்ன?" என்றார்கள். அண்ணன் போனார். இரண்டாவது முறை பாடிச் சென்று திரும்பும்போது முழங்கால் மடிந்தது. பொருத்திய ஜவ்வும் போயிற்று. இன்று அவர் சாரம் ஏறுவதில்லை. கீழே நின்று கலவை போடுகிறார். கொத்தனார் கூலி இல்லை, சித்தாள் கூலிதான்.

பணம் படைத்த வீரருக்குத் தனிப் பயிற்சியாளர் இருப்பார். ஓராண்டு ஓய்வும் இருக்கும். உடலுழைப்பையே நம்பி வாழ்பவருக்கு முழங்கால்தான் முதலீடு. அவருக்கு அறுவையைச் செய்து கொடுத்துவிட்டு உணர்வு திரும்பும் காலத்தைக் கொடுக்காமல் விடுவது, நாற்றை நட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்சாமல் இருப்பதற்கு ஒப்பாகும்.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, அறுவை முடிந்து வீடு திரும்புவோருக்கு வாரவாரியான பயிற்சிகளைப் படத்துடன் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு தாளின் செலவுதான்.

இரண்டாவதாக, பயிற்சி நோயாளியின் ஊருக்கு அருகில் கிடைக்க வேண்டும். 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வந்து இயன்முறை சிகிச்சை தர இடம் உண்டு. முதியோருக்கும் வாதநோயாளருக்கும் அதனால் விளையும் நன்மை பெரிது. ஜவ்வு அறுவை செய்துகொண்ட இளம் உழைப்பாளியையும் அது தவறாமல் தேடி வர வேண்டும்.

மூன்றாவதாக, நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர் காயமுற்றால், 'இந்தப் போட்டியில் ஆடாவிட்டால் இடம் போய்விடும்' என்ற அச்சம் அவருக்கு வரலாகாது. குறைந்தது 9 மாதம் அவர் பெயர் குழுப் பட்டியலில் இருக்கட்டும்; புள்ளி எழுதட்டும், நடுவராகப் பழகட்டும். குழுவுக்கு ஆள் குறையுமே என்று கேட்கலாம். அவசரப்பட்டு இறக்கி அவரை நிரந்தரமாக இழப்பதால் குழுவுக்கு என்ன லாபம்?

நான்காவதாக, நாம் செய்ய வேண்டியது. காயம் வந்தபின் வருந்துவதைவிட வருமுன் காப்பது மேல். குதித்து முறையாகத் தரையிறங்குதல், சமநிலை காத்தல் போன்ற பயிற்சிகள் ஜவ்வுக் காயங்களைக் குறைக்கின்றன என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட செய்தி. ஆட்டத்திற்கு முன் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

நண்பர்களே! காயமுற்ற தோழனிடம் 'எப்போது ஆட வருவாய்?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'இன்று பயிற்சி செய்தாயா?' என்று கேட்போம். நரம்பு நாள்தோறும் நூலிழை அளவே வளர்கிறது. அதற்கு வேண்டிய பொறுமை நமக்கும் வரட்டும்.