தரவுத்தளத்தின் வாசல்

திறமூல மென்பொருளுக்கு மாறுவது குறித்த விவாதங்கள் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ்ஸா, மைசீக்வலா என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. ஒரு சிறு நூலகத்தின் சில ஆயிரம் பதிவுகளை இரண்டுமே எளிதாகத் தாங்கும். ஆனால் நூலகர் நாள்தோறும் பார்ப்பது தரவுத்தளத்தை அல்ல, அதன் முகப்பை: நூல் விவரங்களைப் பதியும் படிவத்தையும், திரும்பி வராத நூல்களை அச்சிட்டுத் தரும் அறிக்கையையும். மாற்றம் நிலைப்பதும் தோற்பதும் அந்த வாசலில்தான்.

1992இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் அக்சஸ் சிறு அலுவலகங்களில் வேரூன்றியதற்கும் இதுவே காரணம். அட்டவணை, வினவல், படிவம், அறிக்கை, நிரல் அனைத்தும் அதில் ஒரே கோப்புக்குள் அடங்கும். நிரலாளர் அல்லாதவரும் படிவம் அமைக்கலாம். இந்த வசதியின் விலை வெளியேறும்போதுதான் தெரியும். அட்டவணைகள் இடம்பெயர்ந்துவிடும், படிவங்களும் நிரல்களும் உடன் வருவதில்லை. அவற்றைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

2005இல் ஓப்பன் ஆபீஸ் 2.0 உடன் அறிமுகமாகி, இன்று லிப்ரே ஆபீஸில் தொடரும் பேஸ், தோற்றத்தில் அக்சஸை ஒத்தது. ஆனால் அதன் உள்ளமைந்த தரவுத்தளத்தை நம்பினால் மொத்தத் தரவும் ஓர் ஆவணக் கோப்புக்குள் அடைபடும். அந்தக் கோப்பு சிதைந்தால் எல்லாம் போயிற்று. தரவைத் தனி வழங்கியில் வைத்து, பேஸை முகப்பாக மட்டும் கொள்வதே நன்று. பிஹெச்பிமைஅட்மின் போன்றவை நிர்வாகிக்கான கருவிகள். அவற்றை முன்மேசை ஊழியரிடம் கொடுப்பது, பேருந்துப் பயணியிடம் எஞ்சினைத் திறந்து காட்டுவதற்கு ஒப்பாகும்.

நியூசிலாந்தின் ஹொரொஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக உருவாகி, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த திறமூல நூலக மென்பொருள் கோஹா. மாவோரி மொழியில் அப்பெயருக்கு நன்கொடை என்று பொருள். இன்று அதன் முகப்பு இணைய உலாவி. பின்னால் இருப்பது மைசீக்வல் அல்லது மரியாடிபி. ஒவ்வொரு கணினியிலும் தனியே எதையும் நிறுவ வேண்டியதில்லை. நாளை விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போனாலும் ஊழியரின் திரை மாறாது. இயங்குதளத்தையும் மாற்ற எண்ணுவோருக்கு உலாவி முகப்பே ஏற்றது என்பேன்.

அதையும் ஒரே இரவில் செய்யவேண்டாம். முதலில் அட்டவணைகளை மட்டும் திறமூல வழங்கிக்கு மாற்றி, பழைய அக்சஸ் படிவங்களை ஓடிபிசி வழியாக அவற்றோடு இணைக்கலாம். பிறகு படிவங்களை ஒவ்வொன்றாக உலாவிக்குக் கொண்டுசெல்லலாம். இந்த இடைக்காலச் சமரசம் கொள்கைக்கு இழுக்கு எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். புதிய திரை புரியாமல் ஊழியர் பழைய பேரேட்டுக்கே திரும்பினால், நாம் பெற்றுத் தந்த சுதந்திரம் யாருக்குப் பயன்படும்?

முகப்பைத் தேர்ந்தெடுக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை அமைத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், இன்னொருவர் திறந்து திருத்த இயலுமா? இயலாது எனில், நிரலின் மூலம் திறந்திருந்தும் வாசல் பூட்டித்தான் கிடக்கிறது.