தொண்டர் என்றால் சம்பளம் கேட்கக் கூடாதா?



நம்ம ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் மூன்று நாளாக ஒரு பதிவு சுற்றுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 54வது மசசூசெட்ஸ் தொண்டர் காலாட்படை என்ற கறுப்பினப் படையணி ஒன்றரை வருடம் சம்பளமே வாங்காமல் போரிட்டதாம். கீழே ஒரு புத்திமதி: நம்ம முன்பள்ளி டீச்சர்மாரும் மத்ரஸா முஅல்லிம்மாரும் இந்தத் தியாகத்தைப் பார்த்துப் படிக்க வேண்டுமாம்.

சம்பளம் கூட்டிக் கேட்டவர்களின் வாயை அடைக்கத்தான் இந்தக் கதை. ஆனால் பாதிக் கதை. சரித்திரம் படிப்பிப்பவன் என்ற வகையில் மீதியைச் சொல்வது என் கடமை.

1863இல் இந்தப் படையணியைச் சேர்க்கும்போது, வெள்ளையருக்குக் கொடுப்பது போலவே மாதம் 13 டொலர் என்று வாக்குக் கொடுத்தார்கள். அங்கே "தொண்டர்" என்றால் சும்மா வேலை செய்பவன் இல்லை. தன் விருப்பத்தில் படையில் சேர்ந்தவன். அவ்வளவுதான். சம்பள நாள் வந்ததும் கறுப்பருக்கு 10 டொலர்தான், அதிலும் உடுப்புக்கு 3 டொலர் வெட்டு என்றார்கள். கையில் வருவது 7.

அந்த 7 டொலரை அவர்கள் தொடவில்லை. ஜூலை 18ஆம் திகதி வாக்னர் கோட்டையைத் தாக்கியபோது, போன சுமார் 600 பேரில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தோ, காயப்பட்டோ, பிடிபட்டோ போனார்கள். கேணல் ஷோவும் அங்கேயே மரணித்தார். அதற்குப் பிறகும் அதே 7 டொலர்தான். குறையும் தொகையைத் தாங்கள் தருகிறோம் என்று மசசூசெட்ஸ் மாநிலம் முன்வந்தது. அதையும் மறுத்தார்கள். வீட்டில் பெண்டாட்டி பிள்ளை பட்டினி கிடந்தும் மறுத்தார்கள்.

ஏன்? காசு வேண்டாம் என்றா? இல்லை. குறைந்த கூலியை வாங்கினால் தாங்கள் குறைந்த மனிதர் என்று தாங்களே கையெழுத்து வைத்ததாகிவிடும் என்பதால். அது வேலைநிறுத்தத்துக்குச் சமமான போராட்டம், தியாகப் பாடம் இல்லை. கோர்ப்ரல் ஜேம்ஸ் ஹென்றி கூடிங், ஜனாதிபதி லிங்கனுக்கே கடிதம் எழுதி, நாங்கள் படைவீரரா கூலிகளா என்று கேட்டார். வேறொரு கறுப்பினப் படையணியில் இதே சம்பளத்துக்காக ஆயுதத்தைக் கீழே வைத்த சார்ஜன்ட் வில்லியம் வோக்கரை 1864 பெப்ரவரியில் சுட்டே கொன்றார்கள்.

1864 ஜூனில்தான் காங்கிரஸ் சமசம்பளச் சட்டத்தை நிறைவேற்றியது. பாக்கிக் காசு படையணிக்கு வந்து சேர இன்னும் சில மாதம் போனது. கூடிங் அதைக் காணவில்லை. ஜூலையில் அண்டர்சன்வில் சிறை முகாமில் மௌத்தாகிவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், இந்தக் கதை யாருக்குப் பாடம்? டீச்சருக்கா, சம்பளம் கொடுக்க வேண்டியவருக்கா?

கூலிக்காரனின் வியர்வை காயுமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நம் பிள்ளைக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுத்தவருக்கு மூன்று மாத பாக்கி வைத்துக்கொண்டு, "இஃக்லாஸ்" என்ற சொல்லை அவர் வாயில் திணிக்காதீர்கள். இஃக்லாஸ் அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ளது. சம்பளம் அவருக்கும் நமக்கும் இடையில் உள்ளது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டமாம். அந்தப் பதிவைப் போட்டவர்கள் கட்டாயம் வரட்டும். 54வது படையணியைப் பற்றிப் பேசுவோம். முழுதாகப் பேசுவோம்.