தராசின் படிக்கற்கள்

நோயினால் உலகுக்கு நேரும் நட்டம் இவ்வளவென்று கணக்கிடும் மேனாட்டாரின் ஆராய்ச்சியைக் குறித்து, "உயிரை எண்ணால் அளப்பதா? எல்லாம் அவனவன் விதி" என்று பேசும் நம்மவர் சிலர் உண்டு. அவர்களுக்கு விடை கூறிப் பொழுது போக்க நாம் விரும்பவில்லை. நாம் வழக்குத் தொடுப்பது, அச்சேறிய புள்ளிகளையெல்லாம் வேதவாக்கென்று வணங்கும் படித்த கூட்டத்தாரோடுதான். நேற்று பஞ்சாங்கத்துக்குக் கும்பிட்ட கை இன்று புள்ளிவிவரத்துக்குக் கும்பிடுகிறது, கை மாறவில்லை.

அவ்வாராய்ச்சியின் பெருமையை நாம் மறுக்கவில்லை. முன்னெல்லாம் பெரும்பாலும் சாவையே எண்ணினர். சாகாமல் கிடந்து நலிவோனுக்கு ஏட்டில் இடமில்லை. கிறிஸ்டோபர் மரே, ஆலன் லோபஸ் என்னும் அறிஞர் இருவர் அக்குறையை நீக்கினர். அகால மரணத்தால் இழந்த ஆண்டுகளோடு, நோயிலும் ஊனத்திலும் கழிந்த ஆண்டுகளையும் அவற்றின் கடுமைக்கேற்ப மதித்துக் கூட்டி, அத்தொகைக்கு "டாலி" என்று பெயரிட்டனர். உலக வங்கி தன் 1993-ஆம் ஆண்டு அறிக்கையில் இதனைக் கையாண்டது. எவரும் பொருட்படுத்தாத மனச்சோர்வு நோய், 1990-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கில் நான்காம் இடத்தில் வந்து நின்றது. நன்று!

ஆயினும் அந்தத் தராசின் படிக்கற்களை எடுத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? முதற் கணக்கில் இருபத்தைந்து வயதினனின் ஓராண்டுக்கே உச்ச மதிப்பு. கைக்குழந்தையின் ஆண்டும் கிழவியின் ஆண்டும் அதனினும் மலிவு. போதாக்குறைக்கு, வருங்கால ஆண்டுகளுக்கு வருடந்தோறும் நூற்றுக்கு மூன்று வீதம் கழிவு. இது வட்டிக்கடைப் பேச்சன்றோ? பெரட்டுக் களத்தில் வலுத்த தோளை மட்டும் தேடும் கண்ணைத் தோட்டத்தில் வாழ்ந்த நம்மவர் நன்கறிவர். இளையோரை நம்பியே பிள்ளைகளும் முதியோரும் வாழ்கின்றனர் என்பது அறிஞர் கூறிய நியாயம். இருக்கட்டும்; அது ஒரு கருத்து, அளவையன்று. 2012-இல் வெளியான கணக்கு இவ்விரண்டையும் கைவிட்டதே அதற்குச் சான்று.

கண்ணிழந்த நிலையைப் பாருங்கள். முழு நலத்துக்குச் சுழி, சாவுக்கு ஒன்று என்பது இவர்கள் வாய்பாடு. மருத்துவத் துறையினர் சிலர் கூடி முன்னர்க் கண்ணின்மைக்கு இட்ட எடை ஏறத்தாழ 0.6. அது 2012-இல் 0.195 ஆயிற்று. குருடரின் துன்பம் திடீரென மூன்றிலொரு பங்காகத் தேய்ந்ததா? இல்லை, கேள்விதான் மாறிற்று. வங்காளதேசம், இந்தோனேசியா, பெரு, தான்சானியா நாடுகளில் வீடு தேடியும், அமெரிக்காவில் டெலிபோனிலும், "இவ்விருவரில் உடல்நலம் மிக்கவர் யார்?" என்று பொதுமக்களைக் கேட்டனர். கண்ணிழந்தவன் திடகாத்திரமாகவே இருக்கலாம். ஆனால் அவன் பிழைப்பும், அவனை நம்பியிருக்கும் வயிறுகளும் அக்கேள்விக்குள் அடங்குமா? கண்ணிழந்தோருக்குப் பொருளுதவி கேட்டு நின்றோர் கையில் அன்று அந்தச் சிறிய எண்ணே இருந்தது.

சாவின் கணக்காவது ஐயமற்றதா என்றால் அதுவுமில்லை. 2010-ஆம் ஆண்டில் மலேரியாவால் மாண்டோர் 6 லட்சத்து 55 ஆயிரம் என்றது உலக சுகாதார நிறுவனம். கேட்ஸ் அறநிலையத்தின் பொருளுதவியோடு 2007-இல் சியாட்டில் நகரில் மரே தொடங்கிய நிலையமோ 12 லட்சத்து 38 ஆயிரம் என்றது. இருவரும் கற்றோர், இருவரும் உழைத்தோர். இரண்டு எண்களுக்கும் நடுவே 5 லட்சத்து 83 ஆயிரம் மனிதர் நிற்கின்றனர். அவருள் பெரும்பாலோர் ஆப்பிரிக்க நாட்டு ஏழைகள். அவர்கள் ஊர்களில் இறந்தவர் பெயரையும் காரணத்தையும் எழுதி வைக்க ஓர் ஏடும் இருந்ததில்லை.