கொள்கலன் வீடு: பகல் இரண்டு மணிக்கு உள்ளே எப்படி?

பசுமை வீடு என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் போதும், மாணவர் கண்காட்சியில் ஒரு கொள்கலன் வீடாவது வந்துவிடும். காலணிப் பெட்டிக்குப் பச்சை வர்ணம் அடித்து, மேலே சூரியத் தகடு ஒட்டி, அருகில் 'மறுசுழற்சி' என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்த ஆர்வம் எனக்குப் பிடிக்கும். ஆயினும் செய்த மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பகல் இரண்டு மணிக்கு உள்ளே எப்படி இருக்கும்?

எண்ணத்தில் குறையில்லை. நாற்பது அடிக் கொள்கலன் ஒன்றின் வெற்று எடை ஏறத்தாழ 3.7 டன். உப்புக் காற்றையும் கடல் மழையையும் தாங்கும் எஃகு அது. உருக்காமல் அப்படியே பயன்படுத்தினால், உருக்கச் செலவாகும் ஆற்றல் மிச்சம். ஆனால் வீடு கட்டப் பலரும் தேடி வாங்குவது ஒரே ஒரு முறை கடல் கடந்த, நெளிவும் துருவும் இல்லாத பெட்டியை. இன்னும் பல ஆண்டுகள் கப்பலில் ஓட வேண்டிய பெட்டி அது. அதைக் கழிவு என்று எப்படிச் சொல்வது?

ஆம்ஸ்டர்டாமில் 2006-இல் கட்டி முடிக்கப்பட்ட கீட்வோனன் மாணவர் குடியிருப்பின் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 1,000 கொள்கலன் அறைகள்; ஒவ்வொன்றிலும் சமையலிடம், குளியலறை, சிறு பால்கனி. மாணவர்களின் வீட்டு நெருக்கடிக்கு நல்ல விடைதான். ஆனால் அவை துறைமுகத்தில் கிடந்த பழைய பெட்டிகள் அல்ல. குடியிருப்பதற்கென்றே சீனாவில் புதிதாகச் செய்து கொண்டுவரப்பட்டவை. மேலும், அது குளிர் நாடு.

நம் வெயில் வேறு. தோட்டத்து லயத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேளுங்கள். தகரக் கூரையின் கீழ் மதிய வேளை எப்படிப் போகும் என்று சொல்வார்கள். கொள்கலனில் கூரை மட்டுமல்ல, நான்கு சுவரும் இரும்பு. இடைவெளி விட்டு மேலே இன்னொரு கூரை, எதிரெதிர் சன்னல்கள், சுவரிலும் உட்கூரையிலும் வெப்பத்தடுப்பு ஆகியவை இல்லாவிட்டால் எல்லாச் சுமையும் குளிர்சாதனத்தின் தலையில் விழும். பிறகு சூரியத் தகடு எத்தனை ஒட்டினாலும் போதாது.

இங்கேதான் அளவுகோல் தேவைப்படுகிறது. சாதாரணக் கொள்கலனின் உள் உயரம் சுமார் 2.39 மீட்டர். நம் நாட்டின் 1984ஆம் ஆண்டு சீரான கட்டடத் துணைச் சட்டங்கள் படுக்கையறைக்குக் குறைந்தது 2.5 மீட்டர் கேட்கின்றன. வெப்பத்தடுப்பு போடும் முன்பே பெட்டி தேர்வில் தோற்றுவிட்டது! 'ஹை கியூப்' எனும் உயரமான வகையில் சுமார் 2.69 மீட்டர் கிடைக்கும். உட்கூரைக்கு அதில்தான் இடம் உண்டு. அகலமோ இரண்டிலும் 2.35 மீட்டர்தான். அறையைப் பெரிதாக்கப் பக்கச் சுவரை வெட்டினால் பெட்டியின் விறைப்பு போய்விடும், புதிய இரும்பு உத்திரம் வேண்டும். தரைப் பலகையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். கதவில் உள்ள தகட்டைப் படித்தால் விவரம் தெரியும்.

இவையெல்லாம் பொறியியல் மாணவர்களின் கவலை என்று மற்றவர்கள் ஒதுங்க வேண்டாம். 2020 டிசம்பரில் காஜாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் அந்நியத் தொழிலாளர்கள் அடுக்கி வைத்த கொள்கலன்களில் நெருக்கியடித்துத் தங்கவைக்கப்பட்டிருந்ததை அதிகாரிகள் கண்டனர். அன்றைய மனிதவள அமைச்சர் எம். சரவணன் அதை நவீன அடிமைத்தனத்துக்கு ஒப்பிட்டார். அதே பெட்டிதான். மாதிரியில் வைத்தால் பசுமை, ஏழைத் தொழிலாளியை அடைத்தால் அவலம். அதனால்தான், 'இதில் நான் குடியிருப்பேனா, எத்தனை பேருடன்?' என்ற கேள்விக்கும் உங்கள் அறிக்கையில் ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்கிறேன்.

நூலகம், கடை, தளத்து அலுவலகம் என்று பகலில் சில மணி நேரம் மட்டும் பயன்படும் இடங்களுக்கு, மரநிழலில் வைத்த பழைய கொள்கலன் நன்றாகவே பொருந்தும் என்பது என் கருத்து. இரவும் பகலும் குடும்பம் வாழும் வீட்டுக்குக் கணக்கு கடினம்.

அடுத்த மாதிரியைத் தொடங்குமுன் கிள்ளான் பக்கம் பழைய கொள்கலன் விற்கும் இடம் ஒன்றில் அனுமதி கேட்டு, நல்ல வெயிலில் உள்ளே சென்று வெப்பமானியில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும்; துணைக்கு ஒருவர் வெளியே நிற்கட்டும்.