ஜாம்பிகள் ஏன் நம்மைப் பயமுறுத்துவதில்லை?

பத்து ஆண்டுகளுக்கு முன்பு திகில் என்றாலே ஜாம்பிதான். அழுகிய உடலும் வெளிறிய கண்ணுமாகக் கூட்டம் கூட்டமாகத் தள்ளாடி வரும் நடைபிணங்கள் திரையரங்கு, தொலைக்காட்சி, கணினி விளையாட்டு, படக்கதை என எல்லா இடத்தையும் பிடித்திருந்தன. இன்று பல்கலைக்கழக நண்பர்களிடம் வார இறுதிக்கு ஒரு திகில் படம் சொல்லச் சொன்னால், இந்தோனேசியப் பேய்ப்படம் ஒன்றையோ ‘டிமான்டி காலனி’யின் இரண்டாம் பாகத்தையோ சொல்கிறார்கள். ஜாம்பி படத்தின் பெயர் அரிதாகவே வருகிறது.

இது என் நண்பர் வட்டத்தின் ரசனை மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் ‘தி வாக்கிங் டெட்’ தொடர் 2010 அக்டோபரில் தொடங்கியது. 2014-இல் அதன் ஐந்தாம் பருவத்தின் முதல் பகுதியை அந்நாட்டில் சுமார் 1 கோடியே 73 இலட்சம் பேர் பார்த்தார்கள். 2022 நவம்பரில் தொடர் முடிந்தபோது, ஒளிபரப்பான இரவில் கடைசிப் பகுதியைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை 20 இலட்சத்தைச் சற்றே தாண்டியது. இணையத்தில் பார்க்கத் தொடங்கியவர்களைக் கழித்துப் பார்த்தாலும் வீழ்ச்சி பெரியது. 2013-இல் உலகெங்கும் 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்த ‘வோர்ல்ட் வார் இசட்’ படத்தின் இரண்டாம் பாகம் 2019-இல் கைவிடப்பட்டது. தமிழில் ஜெயம் ரவி நடித்த ‘மிருதன்’ 2016-இல் வந்தது. யோகி பாபு நடித்த ‘ஜாம்பி’ 2019-இல் வந்தது. அதன்பின் அந்த வரிசை வளரவில்லை. 2014-இல் தொடங்கிய ‘அரண்மனை’யோ பத்தே ஆண்டில் நான்கு பாகங்களைக் கண்டுவிட்டது.

ஒரே மாதிரிப் படங்கள் வந்து சலித்துவிட்டன என்பது எளிதான விடை. அது போதாது. பேய்ப்படங்களும் ஒரே மாதிரிதான் வருகின்றன. பழைய பங்களா, பூட்டிய அறை, வெள்ளைச் சேலை, இடைவேளைக்குப் பிறகு ஒரு பழங்கதை. ஆனாலும் நாம் டிக்கெட் வாங்குகிறோம். ஒன்று சலிக்கிறது, மற்றொன்று சலிக்கவில்லை என்றால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும்.

கம்போங் பிசாங் காட்டும் வழி

அந்த வேறுபாட்டைப் பார்க்க நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மறைந்த மலாய் இயக்குநர் மாமாட் காலிட் 2007-இல் ‘ஸோம்பி கம்போங் பிசாங்’ என்ற நகைச்சுவைத் திகில் படத்தை எடுத்தார். ஒரு சிறு கிராமத்தில் ஜாம்பிகள் புகுந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை. 2010-இல் அதே கிராமத்தையும், அவி நடித்த ஹூசின் பாத்திரத்தையும் வைத்து ‘ஹந்து காக் லிமா பாலிக் ரூமா’வை எடுத்தார். இந்த முறை ஜாம்பிக் கூட்டம் இல்லை. லிமா அக்காள் என்ற ஒரே ஒரு பெண்ணின் ஆவி.

மக்கள் மனத்தில் நின்றது லிமா அக்காள்தான். படம் பெரும் வசூல் கண்டது. தொடர்ச்சிகள் வந்தன. 2018-இல் வெளியான ‘ஹந்து காக் லிமா’ கோடிக்கணக்கான ரிங்கிட்டை ஈட்டியது. இயக்குநர் அவரேதான், கிராமமும் நகைச்சுவையும் பழையவைதான். மாறியது பயத்தின் முகம். ஜாம்பிகளுக்குப் பெயர் இல்லை. லிமா அக்காளுக்குப் பெயர் உண்டு, வீடு உண்டு, அவளை அறிந்த அண்டை அயலார் உண்டு.

நம் மரபில் பேய் என்பது பெரும்பாலும் ஒரு முறையீடு. 1957-இல், இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி.என். ராவ், மரியா மெனாடோவை நடிக்க வைத்து ‘போந்தியானாக்’ படத்தை எடுத்தார். மலாய் நம்பிக்கையில் போந்தியானாக் என்பவள் பிரசவத்தில் இறந்த பெண். தமிழில் 2011-இல் வந்த ‘காஞ்சனா’வின் பேய், நிலத்தைப் பறிகொடுத்துக் கொல்லப்பட்ட திருநங்கை. படத்தின் முதல் பாதியில் நாம் அதைக் கண்டு அஞ்சுகிறோம். இரண்டாம் பாதியில் அதன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். “உனக்கு என்ன வேண்டும்?” என்று பேயிடம் கேட்க முடியும். நியாயம் கிடைத்தால் அது போய்விடும்.

ஜாம்பியிடம் எதையும் கேட்க முடியாது. அதற்குக் குறை இல்லை, கோரிக்கை இல்லை. பசி மட்டும் உண்டு. எனவே கதை இரண்டே வினைச்சொற்களில் முடிந்துவிடுகிறது: ஓடு, சுடு.

கரும்புத் தோட்டத்தில் பிறந்த பயம்

ஆனால் ஜாம்பி பிறக்கும்போதே இப்படி ஊமையாக இருக்கவில்லை. அதன் வரலாறு நமக்கு, குறிப்பாக மலேசியத் தமிழர்களுக்கு, எதிர்பாராத அளவு நெருக்கமானது.

ஜாம்பி நம்பிக்கை கரீபியன் நாடான ஹைத்தியில் உருவானது. பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் அங்கே ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் வதைக்கப்பட்டார்கள். மரணம் ஒன்றே விடுதலை என்று எண்ணியவர்களுக்கு ஒரு பெரும் அச்சம் இருந்தது. இறந்த பிறகும் ஒருவன் தன் உடலை எழுப்பி, நினைவையும் விருப்பத்தையும் பிடுங்கிக்கொண்டு, மீண்டும் வேலை வாங்கினால் என்ன செய்வது? அந்த அச்சத்தின் உருவம்தான் ஜாம்பி. அது யாரையும் கடிக்கவில்லை. அதைப் பார்த்து ஓட வேண்டிய தேவையும் இல்லை. பயப்பட வேண்டியது, தானே அப்படி ஆகிவிடுவோமோ என்பதற்குத்தான்.

1932-இல் வந்த ‘ஒயிட் ஜாம்பி’ என்ற அமெரிக்கப் படத்தில் இந்தத் தடம் இன்னும் அழியாமல் இருக்கிறது. அதில் ஜாம்பிகள் ஒரு கரும்பு ஆலையில் மௌனமாக உழைக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர் தோட்டங்களுக்கும் வந்த தமிழர்களின் வரலாற்றை நாம் அறிவோம். ஹைத்தியின் அடிமைமுறையும் மலாயாவின் கூலிமுறையும் ஒன்றல்ல. ஆனால் மனிதனைக் கை கால்களின் எண்ணிக்கையாக மட்டும் பார்க்கும் கண் இரண்டிலும் இருந்தது. ஜாம்பி என்ற கற்பனை, அந்தக் கண்ணுக்கு எதிராக உழைப்பாளி எழுப்பிய ஓலம்.

இதைத் தலைகீழாக மாற்றியது 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. அதன்பின் ஜாம்பி என்றால் மனித மாமிசம் தின்னும் கூட்டம் என்றானது. பாதிக்கப்பட்டவன் பகைவனாக மாறிவிட்டான். ஆயினும் ரொமேரோ படத்தின் முடிவை நினைவில் கொள்ள வேண்டும். இரவு முழுவதும் போராடித் தப்பிப் பிழைக்கும் நாயகன் பென் ஒரு கறுப்பினத்தவன். விடிந்ததும் அவனை மீட்க வேண்டிய ஆயுதக் குழு, அவனையும் நடைபிணம் என்று எண்ணிச் சுட்டுவிடுகிறது. கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மனிதன் தெரியாமல் போவான் என்ற எச்சரிக்கை அந்தப் படத்திலேயே இருந்தது. பின்னால் வந்த பல படங்கள் கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டன.

உண்மையான தொற்று வந்தபோது

இந்த நூற்றாண்டின் ஜாம்பி படங்கள் பெரும்பாலும் ஒரே முன்னறிவிப்பைச் சொல்லி வந்தன. ஒரு கிருமி பரவும், அரசு நிலைகுலையும், அண்டை வீட்டுக்காரர் பகைவராவார், துப்பாக்கியும் பூட்டிய கதவும் வைத்திருப்பவர் மட்டும் பிழைப்பார் என்றன. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது அந்த முன்னறிவிப்பை உரைத்துப் பார்க்க நமக்கு வாய்ப்புக் கிடைத்தது. எனக்கு அப்போது 15 வயது. பிடி3 தேர்வு ரத்தான மூன்றாம் படிவ மாணவர்களில் நானும் ஒருவன்.

முன்னறிவிப்பில் ஒரு பாதி பலித்தது போலத் தோன்றியது. ஆணைக்கு முன்பே பேரங்காடிகளில் அரிசியும் மெகியும் காலியாயின. கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியில் சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் கட்டடங்களைச் சுற்றி முள்கம்பி போடப்பட்டது. மே 1-இல் அதே வட்டாரத்தில் குடிநுழைவுத் துறை நடத்திய சோதனையில் நூற்றுக்கணக்கான அந்நியத் தொழிலாளர்கள் பிடிக்கப்பட்டார்கள். அதே மாதம் பெட்டாலிங் ஜெயா பழைய நகரில் ஜாலான் ஒத்மான் சந்தைப் பகுதியும் அடைக்கப்பட்டது. நோயைக் கட்டுப்படுத்த அடைப்புகள் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் புலனக் குழுக்களில் வந்த செய்திகளின் மொழி வேறு மாதிரி இருந்தது. “அந்த பிளாட்காரர்கள்”, “அவர்கள் கூட்டமாக வருகிறார்கள்”, “இங்கே விடாதீர்கள்”. காய்கறி மூட்டை தூக்குபவரும் கட்டடம் கட்டுபவரும் பெயரில்லாத ஒரு திரளாக மாறிப்போனார்கள். திரையில் கண்ட அதே பார்வைதான் அது.

முன்னறிவிப்பின் மறுபாதி பொய்த்தது. 2021 ஜூன் இறுதியில், வேலையும் வருமானமும் இழந்த குடும்பங்கள் உதவி தேவை என்பதற்கு அடையாளமாக வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டலாம் என்ற இயக்கம் பரவியது. ஜாம்பி படத்தின் விதிப்படி, பலவீனத்தை வெளியே காட்டிய வீடுதான் முதலில் சூறையாடப்பட வேண்டும். இங்கே நடந்தது வேறு. கொடி பறந்த வீடுகளைத் தேடி அரிசியும் முட்டையும் பால்மாவும் போயின. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே இனத்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லாமல் போனது. உணவு விநியோகிப்பாளர்கள், செவிலியர்கள், குப்பை அள்ளுபவர்கள் ஆகியோர் பூட்டிய கதவுக்கு வெளியே வேலை செய்ததால்தான் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

ஜாம்பி கதையின் மவுசு குறைந்ததற்கு இது முக்கியமான காரணம் என்று நான் கருதுகிறேன். ‘தி வாக்கிங் டெட்’டின் சரிவு கோவிட்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது உண்மை. ஆனால் தொற்றுக்குப் பிறகு, அந்தக் கதை சொல்லும் உலகத்தை நம்புவது கடினமாகிவிட்டது. உண்மையான பேரிடரில் எது மனிதரைக் காப்பாற்றியது என்று நாமே பார்த்துவிட்டோம்.

எஞ்சி நிற்பவை

எல்லா ஜாம்பி படைப்புகளும் தோற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016-இல் வந்த கொரியப் படம் ‘டிரெய்ன் டு பூசான்’ இன்றும் பேசப்படுகிறது. 2023-இல் தொடங்கிய ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடர் பெரும் வெற்றி. 2025-இல் ‘28 இயர்ஸ் லேட்டர்’ திரைக்கு வந்தது. இவற்றில் முதல் இரண்டையும் கூர்ந்து பார்த்தால் விடை கிடைக்கும். ‘டிரெய்ன் டு பூசான்’ ஒரு தந்தைக்கும் மகளுக்கும் இடையிலான கதை. அதில் என்னை மிகவும் உறைய வைத்த காட்சியில் வில்லன் ஜாம்பி இல்லை. தப்பி வந்த சக பயணிகளைத் தங்கள் பெட்டிக்குள் விட மறுக்கும் நல்ல உடை உடுத்திய மனிதர்கள்தான். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ஸில் தொற்றுக்கு ஆளானவர்கள் பின்னணி. ஜோலும் எல்லியும் ஒருவருக்கு ஒருவர் யாராக ஆகிறார்கள் என்பதே கதை. மனிதருக்குப் பெயரையும் முகத்தையும் கொடுத்த ஜாம்பி கதைகள் பிழைக்கின்றன. கூட்டத்தை மட்டும் நம்பியவை கரைந்துபோகின்றன.

திகில் கதை என்றால் பொழுதுபோக்குத்தானே, இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். யாரைக் கண்டு பயப்பட வேண்டும் என்று நமக்குச் சிறு வயதிலேயே சொல்லிக்கொடுப்பவை கதைகள்தாம். நமக்கு முந்தைய தலைமுறைகளைத் தோட்டத்துக் கூட்டம் என்று ஒரே சொல்லில் அடக்கியவர்கள் இருந்தார்கள். அந்தச் சொல்லின் எடை நம் வீடுகளில் இன்னும் நினைவில் இருக்கிறது. இன்று அதே எடையை வங்காளதேசத்தவர், மியன்மார் அகதி, நேப்பாளக் காவலர் ஆகியோரின் தோளில் நாம் ஏற்றிவிடக் கூடாது.

திரையில் ஜாம்பி ஓய்வு பெற்றால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அடுத்த தொற்றோ வெள்ளமோ வேலையிழப்போ வரும்போது, ஒரு குழுவினரைச் சுட்டி “அவர்கள்தான்” என்று கைத்தொலைபேசியில் ஒரு செய்தி கட்டாயம் வரும். அதை அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன்பு, அந்தக் கூட்டத்தில் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா என்று கேட்டுப் பார்ப்போம். தெரியாவிட்டால் அந்தச் செய்தியை அனுப்பாமல் விடுவோம். அந்தப் பெயரை முதலில் தெரிந்துகொள்வோம்.